பின்பக்கம் திருப்பிப் பாரு

பேர் வைக்கிற நாள் நெருங்குகிறது, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு "பாப்பாவுக்கு என்ன எடுக்கட்டும்?" என்று கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றாய். அத்தை மோதிரம் என்கிறார், சித்தி செயின் என்கிறார், உன் நாத்தனார் "காப்பா தோடா, நீங்களே சொல்லுங்க அண்ணி" என்று உன்னிடமே விட்டுவிட்டாள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். பிள்ளை பெற்ற பத்தொன்பதாம் நாள் யாருக்குத்தான் நினைவு நிற்கும்? அதனால் எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு நகை பூட்டி, கழற்றி, தொலைத்து, தேடி, மாற்றிக் கற்றுக்கொண்டதெல்லாம் இதில் இருக்கிறது. பாப்பா தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

கடையில் நகையை வெல்வெட் தட்டில் முகம் தெரியும்படி வைத்துத்தான் காட்டுவார்கள். நீ அதைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாரு. திருகு, கொக்கி, கல் உட்கார்ந்திருக்கிற கூடு, பற்றவைத்த இடம், முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தெற்கு ஆவணி மூல வீதிக்கு அம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு போவாளே, ஞாபகம் இருக்கிறதா? தோட்டைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலால் பின்பக்கத்தைத் தடவுவாள். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் மூத்தவள் பிறந்தபிறகு புரிந்தது. பார்க்கிறவர் கண்ணில் படுவது முன்பக்கம், பிள்ளையின் தோலில் படுவது பின்பக்கம்.

முதலில் கழுத்து. பாப்பாவின் கழுத்தில் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். செயினும் வேண்டாம், தாயத்துக் கோத்த கறுப்புக் கயிறும் வேண்டாம். தூளியில் புரளும்போது சேலை மடிப்பில் சங்கிலி மாட்டிக்கொண்டால் பிள்ளைக்குக் கையால் விலக்கத் தெரியாது, கத்தவும் முடியாது. சித்தி ஆசையாக எடுத்துவந்தால் வாங்கிக்கொள். மடியில் வைத்துக் கழுத்தில் போட்டு, எல்லோரும் பார்த்து, படம் எடுத்து முடிந்ததும் கழற்றி வைத்துவிடு. அத்தை ஏதாவது சொல்லக்கூடும். "அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கழுத்தில் போடவில்லையா?" என்பார். போட்டார்கள்தான். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று திருமாலின் ஐந்து படைக்கலங்களையும் சின்னதாகச் செய்து கோத்த ஐம்படைத்தாலி நம் பிள்ளைகளின் பழைய நகை. தலையாலங்கானத்தில் போருக்குப் போன நெடுஞ்செழியன் பிள்ளைப்பருவத் தாலியைக்கூட இன்னும் கழற்றாத வயதில் இருந்தான் என்று புறநானூற்றில் வருகிறது. வழக்கம் பழையது, அதை நானும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிள்ளையைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் இருந்தார்கள். உன் வீட்டில் பகலில் நீயும் பாப்பாவும் மட்டும்தான். நீ கண் அயர்கிற பத்து நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்.

இடுப்பில் அரைஞாண் போட்டுக்கொள்ளலாம். வெள்ளிக்கொடி போதும். இரண்டு விரல் தாராளமாக நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்கணும். பால் குடித்ததும் வயிறு எப்படி உப்புகிறது பார், அந்த அளவை வைத்துத்தான் போடணும். மாதம் ஒருமுறை கொக்கியை ஒரு வளையம் தள்ளி மாட்டு. அரசிலை வடிவில் அரைமூடி ஒன்று நம் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது, வெள்ளியில். அதை நான் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். போட வேண்டாம், வைத்துக்கொள்.

கைக்குக் காப்பு நல்லது. கெட்டிக் காப்பாக, வாய் திறந்து, அகட்டிக் குறுக்கக்கூடியதாக எடு. முனை இரண்டும் உருண்டையாக இருக்கணும். அந்த முனையை உன் கன்னத்தில் தேய்த்துப் பாரு. உனக்குக் கீறினால் பாப்பாவுக்குக் கண்டிப்பாகக் கீறும். மணி கோத்தது, சலங்கை தொங்குவது, கல் பதித்தது எதுவும் வேண்டாம். சீக்கிரமே கை வாய்க்குப் போகும், அப்போது அந்த மணி எங்கே போகும் என்று நினைத்துக்கொள். வசம்பு வளையலுக்கும் இதேதான். அதன் வாசனை எனக்கும் பிடிக்கும். ஆனால் எச்சிலில் ஊறி வசம்புத் துண்டு இளகும், நூல் அறும். ஆசைக்குப் பதினாறு நாள் போட்டாயிற்றல்லவா, இனி அவிழ்த்துவிடு. பழைய பெட்டியிலிருந்து குந்துமணி கோத்த மாலையோ வளையலோ யாராவது எடுத்துவந்தால் பிள்ளை இருக்கிற அறைக்குள்ளேயே விடாதே. குந்துமணியை நம் பத்தர்கள் தங்கம் நிறுக்கத்தான் வைத்திருந்தார்கள். விதை கடுமையான விஷம், கடித்துவிட்டால் ஆபத்து.

மோதிரம் வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வரப்போவதில் பாதி மோதிரமாகத்தான் இருக்கும்.

என் மூத்தவளுக்குப் பேர் வைத்த அன்று ஏழு மோதிரம் வந்தது. ஒன்றைப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் குளிக்க வைக்கும்போது பார்த்தால் விரல் அடியில் சிவந்து, நுனி வெளுத்து வீங்கியிருந்தது. மாமியார் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சோப்புத் தண்ணீர் விட்டு, இழுக்காமல் சுற்றிச் சுற்றிக் கழற்றினேன். ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும், எனக்கு ஒரு ஜென்மம் மாதிரி இருந்தது. அப்படிக் கழன்று வராவிட்டால் வீட்டில் போராடக்கூடாது; ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டுகிற கருவி இருக்கிறது, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. மோதிரம் போனால் போகட்டும், விரல் முக்கியம்.

ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், கணக்கையும் பாரு. சுலபமாக இருக்க, தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள். ஒரு கிராம் குழந்தை மோதிரத்துக்குச் சேதாரம் 18 சதவீதம் என்றால் 1,800 ரூபாய். இரண்டும் சேர்ந்த 11,800க்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 354. ஆக மொத்தம் 12,154. ஐந்து பேர் இப்படி ஐந்து மோதிரம் எடுத்தால் 60,770 ரூபாய். அதில் உள்ள தங்கம் 50,000 ரூபாய்க்குத்தான். மீதி 10,770 ரூபாய், ஏறக்குறைய இன்னொரு மோதிரத்தின் விலை, தங்கமாக நிற்காது. அதையும் பிள்ளை ஆறு மாதம்கூடப் போடமுடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. குழந்தை மோதிரம், குட்டித் தோடு எல்லாம் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். பெரியவர்கள் நகைக்கு முத்திரையைத் தேடிப் பார்க்கிற நாம் குழந்தை நகைக்கு "சின்னதுதானே" என்று விட்டுவிடுகிறோம். அதனால் சின்ன நகை எடுக்கும்போது முத்திரை போட்டது இருக்கிறதா என்று கேளு. இல்லாவிட்டால் பில்லில் 22 கேரட், 916 என்றும், எடையை மில்லிகிராம் வரையிலும் எழுதித் தரச் சொல்லு. எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடையில் எடுக்க வேண்டாம்.

ஆகவே உறவுக்காரர்களுக்கு நீ சொல்லவேண்டிய பதில் இது: "மோதிரம் வேண்டாம் அத்தை, தங்கக் காசாகக் கொடுங்கள், பாப்பா பெரியவளானதும் உங்கள் பேரைச் சொல்லி ஒரு நகை செய்துபோடுகிறேன்." ஒரு கிராம் காசு போதும், செய்கூலி மிகக் குறைவு. நகைக்கடையில் எடுக்கச் சொல்லு. வங்கியில் விற்கிற காசை அந்த வங்கி திரும்ப வாங்காது. இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் பேசுகிறேன், அத்தைக்கு என் பேச்சில் கோபம் வராது. காப்பு ஒரு ஜோடி நாத்தனார், தோடு தாய்மாமன் முறைக்கு நம் தம்பி, மற்றவர்களெல்லாம் காசு. அப்படிப் பங்கு பிரித்துவிட்டால் ஒரே மாதிரி நாலு காப்பும் வராது.

இனி காது குத்து. குலசாமி கோயிலில் மொட்டை போடும்போதே குத்திவிடலாம் என்கிறார்கள், எப்போது என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓடுகிறது என்றாய். மூன்று தடுப்பூசி முடியட்டும். பெண்டாவேலண்ட் ஊசி ஆறு, பத்து, பதினாலாம் வாரங்களில் போடுவார்கள், அதில் ரணஜன்னிக்கும் தடுப்பு இருக்கிறது. அந்த மூன்றும் முடிந்தபின் நல்ல நாள் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ ஒற்றைப்படைக்கும் வந்துவிடும், ஜோசியரும் திருப்தியாவார்.

பத்தர் குத்துவதா, டாக்டர் குத்துவதா என்பதற்கு என் பதில்: யார் குத்தினாலும் ஊசி புதிதா, கம்பி சுத்தம் செய்ததா, கை கழுவினாரா என்று பார்ப்பது உன் வேலை. என் மகனுக்குப் பத்தர்தான் குத்தினார். தங்கக் கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட் துடைத்து, பிள்ளை வாயைத் திறக்கும் முன் முடித்துவிட்டார். கை அப்படி. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் குத்துகிற கடைகளுக்குப் போகாதே. அந்தக் கருவியை முழுக்கச் சுத்தப்படுத்த முடியாது, அதில் போடுகிற கம்மலும் பல நேரம் முலாம் பூசியது.

குத்துவதற்கு முன்னால் பேனாவால் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியை நீயே பாரு, தாய்மாமன் மடியில் பாப்பா நேராக உட்கார்ந்திருக்கும்போது முன்னால் நின்று பாரு. படுத்த பிள்ளைக்கு வைத்த புள்ளி ஒன்று மேலும் ஒன்று கீழும் போய்விடும். மடலின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. கீழே போய்விட்டால், பதினாறு வயதில் ஜிமிக்கி போடும்போது ஓட்டை இழுபட்டு நீண்டுவிடும். நம் பெரியம்மா காது அப்படித்தான் அறுந்தது. குருத்தெலும்புப் பகுதியில், அதாவது காதின் மேல்பக்கத்தில், சின்னப் பிள்ளைக்குக் குத்தவே கூடாது. அங்கே புண் வந்தால் ஆறுவது கடினம். நம் வீட்டில் யாருக்காவது காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளர்கிற உடம்பு இருந்தால் அதையும் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடு.

குத்தியபின் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அப்ப வேண்டாம், அம்மா சொன்னாலும் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் துடை. அதற்கு முன்னால் உன் கையைக் கழுவு. ஆறு வாரம் கம்மலை மாற்றாதே. சட்டையைத் தலைவழியாகப் போடாமல் முன்பக்கம் திறக்கிற சட்டையாகப் போடு. காதில் மாட்டி இழுபடுவதெல்லாம் சட்டை மாற்றும்போதுதான். சிவந்து, சூடாகி, சீழ் கட்டினால் டாக்டரிடம் காட்டு.

முதல் தோடு 22 கேரட் தங்கமாக இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்காதே, அதே நேரம் எடையும் கூட்டாதே. கவரிங்கிலும் முலாம் பூசியதிலும் நிக்கல் கலந்திருக்கலாம், பிஞ்சுத் தோலுக்கு அரிப்பும் நீர் வடிதலும் வரும். வெள்ளைத் தங்கத்திலும் சிலவற்றில் நிக்கல் உண்டு. நம் பழைய 916 தங்கத்தில் வழக்கமாகக் கலப்பது வெள்ளியும் செம்பும், அது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

இப்போது திருகு. என் மூத்தவளுக்கு ஒன்பது மாதம், தரையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். முறுக்குத் துண்டு என்று நினைத்து வாயைத் திறக்க வைத்தேன், நாக்கின்மேல் அவள் தோட்டின் திருகு. தோடு காதில் இருக்கிறது, திருகு வாயில் இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் நான் அடுப்படியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றிலிருந்து தினமும் இரவு பால் கொடுத்து முடித்ததும் இரண்டு காதின் திருகையும் விரலால் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உனக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். வாங்கும்போது திருகைக் கழற்றி மாட்டிப் பாரு: குறைந்தது நாலைந்து சுற்றாவது சுற்றி இறுகணும், இரண்டே சுற்றில் நின்றால் மரை தேய்ந்தது அல்லது குறைவு. திருகின் பின்புறம் மழுங்கலாக, மூடியது போல் இருக்கணும். கம்பி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாப்பா ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்குப் பின்னால் குத்தும். வாளி மாதிரி மாட்டுகிற வளையமும் இப்போது வேண்டாம், விரல் நுழைகிற எதையும் பிள்ளை இழுக்கும்.

எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் விரலை விட்டுத் துழாவாதே, உள்ளே தள்ளிவிடுவாய். மூச்சு விடத் திணறினாலும், எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

பள்ளிக்குப் போகிற வயதில் சின்னத் தோடும் ஒரு ஜோடிக் கொலுசும் போதும், மற்றதெல்லாம் கல்யாண வீட்டுக்குத்தான். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை கழுத்தில் தங்கம் போட்டுக் கூட்டிப்போகாதே. அறுப்பவன் நகையை மட்டும்தான் பார்ப்பான், பிள்ளையின் கழுத்தை அல்ல. பரதம் ஆடுகிற வயது வந்தால் நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகை வாங்கிக் கொடு. கெம்புக் கல் பதித்த தலைசாமான், ராக்கொடி, ஜடைநாகம் எல்லாம் அங்கே கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. மேடைக்கு அதன் அழகு போதும், தங்கம் தேவையே இல்லை.

அடுத்தது உன் நகை. பாப்பா பிறந்தபிறகு உன் உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றையும் பாப்பாவின் தோலை நினைத்துப் பாரு. தாலிச் சரட்டில் நாலு ஊக்கு மாட்டி வைத்திருப்பாயே, அதை முதலில் எடு. பால் கொடுக்கும்போது ஒன்று திறந்துகொண்டாலும் பிள்ளையின் முகத்தில்தான் குத்தும். ஊக்கு உரசித் தாலிச் சரடும் தேயும். கல் வளையல், நகம் போல நீட்டிக்கொண்டிருக்கிற டாலர், ஜிமிக்கி எல்லாம் ஒரு வருடம் பெட்டியில் இருக்கட்டும். கையில் இரண்டு மழமழப்பான வளையல் போதும். புது வளையல் எடுக்க இப்போது அளவு கொடுக்காதே. பிரசவ வீக்கம் வடிய மூன்று மாதமாவது விடு. வளையல் அளவில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் பங்குக் கணக்கு. 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. பிரசவத்துக்கு முந்தைய உன் அளவு 2.6 என்பது எனக்கு நினைவிருக்கிறது.

தாலிக்கொடியை வருடம் ஒருமுறை பத்தரிடம் காட்டு. ஆடிப்பெருக்குக்குத் தாலி பிரித்துக் கோக்கும்போதே பார்த்துவிடலாம். மாங்கல்யமும் குண்டும் மாங்காயும் தொங்குகிற வளையங்கள் சரட்டை ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். முறுக்குச் சரடாக இருந்தால் நாள்பட நிற்கும்.

நாள்தோறும் போடுகிற காதுத் தோடு கனமாக வேண்டாம். விசேஷத்துக்கு ஜிமிக்கி போடும்போது மாட்டல் சேர்த்துப் போடு. மாட்டல் அழகுக்கு மட்டும் வந்ததல்ல, காது மடல் சுமக்கிற கனத்தைத் தலைமுடிக்கு மாற்றுகிற ஏற்பாடு அது. நம் முன்னோர்களின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

உனக்கு ஒரு கல் நெக்லஸ் எடுக்கணும் என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்றாயே, அதற்கு முன்னால் என் கதையைக் கேள். கல்யாணமான புதிதில் நான் ஒரு நெக்லஸ் எடுத்தேன். பில்லில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது, நானும் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து மாற்றப் போனபோது கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு நாலு கிராம் குறைவாகச் சொன்னார்கள். வாங்கும்போது அந்த நாலு கிராமுக்கும் நான் தங்க விலை கொடுத்திருந்தேன். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியாக இருக்கணும். தங்க விலை நிகர எடைக்கு மட்டும்தான். சேதாரத்தையும் நிகர எடைக்குத்தான் போடணும்.

குண்டு குண்டாகக் கோத்த மாலை, உருண்டை முகப்பு எல்லாவற்றையும் உள்ளே கெட்டியா, கூடா, அரக்கா என்று கேட்டு எடு. நம் பாட்டியின் பாம்படத்தை உருக்கியபோது அப்பா முகம் எப்படி வாடியது தெரியுமா? கண்ணுக்கு அத்தனை பெரிதாகத் தொங்கிய நகை, மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கையில் வந்த தங்கம் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. உருக்கியிருக்கவே கூடாது என்பது இன்றைக்கும் என் வருத்தம். பாட்டி நடக்கும்போது அந்தப் பாம்படம் தோளில் மோதி ஆடுவது என் கண்ணுக்குள் இருக்கிறது, நீ அதைப் பார்த்ததே இல்லை. அதனால் அம்மாவின் ஏழுகல் தோடு, பெரியம்மா கொடுத்த அட்டிகை இரண்டையும் யார் சொன்னாலும் மாற்றாதே. பழையதை மாற்றவேண்டிய அவசரம் வந்தால் சாதாரணச் செயின், வளையலை மாற்று. கல் இல்லாத கெட்டி நகைக்குத்தான் விற்றாலும் அடகு வைத்தாலும் குறைவில்லாமல் பணம் கிடைக்கும். மாற்றும்போது கேரட் மெஷினில் வைத்துப் பார்ப்பதும் உருக்குவதும் உன் கண் முன்னால் நடக்கட்டும், முன்பும் பின்பும் எடையை எழுதிக்கொள்.

முத்திரையில் மூன்று இருக்கும்: பிஐஎஸ் முக்கோணச் சின்னம், 22K916 என்கிற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இந்த ஆறு இலக்கத்தை ஹெச்யூஐடி என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. பிஐஎஸ் கேர் என்கிற செயலியை உன் போனில் ஏற்றிக்கொண்டு, கடையில் நிற்கும்போதே அந்த ஆறையும் அடித்துப் பாரு. நகை வகை, தூய்மை, முத்திரை போட்ட மையம் எல்லாம் வரும். நீ கையில் வைத்திருப்பது வளையலாக இருந்து செயலி மோதிரம் என்று காட்டினால் எடுக்காதே. "இது கேடிஎம் நகை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதை முத்திரையாக எடுத்துக்கொள்ளாதே. காட்மியம் கலந்த பொடியால் பற்றவைப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள், அதன் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்தது. அது தூய்மைக்கு அத்தாட்சி இல்லை.

புது மாடல் வைர நகைகள் 18 கேரட்டில் வரும். 22 கேரட் மிருதுவானது, சின்னக் கல்லைப் பிடித்து நிற்காது. அதனால் அது தப்பில்லை. ஆனால் அதில் தங்கம் நூற்றுக்கு 75 பங்குதான் என்பதை மனதில் வைத்து விலை கேளு. ஆபீஸுக்குப் போட அது நல்லது. சேமிப்பு என்று நினைத்து எடுக்காதே. ஒட்டியாணம், வங்கி மாதிரி வருடத்துக்கு ஒருநாள் போடுகிற நகைக்குச் சிதம்பரம் கவரிங்கே போதும் என்பேன், பாப்பாவைத் தூக்காத நேரத்தில் போட்டுக்கொள்.

நகைச்சீட்டுச் சேருவதாக இருந்தால் சேரும் முன்பே இரண்டு கேள்வி கேட்டு எழுதி வாங்கிக்கொள்: கட்டுகிற பணம் அந்தந்த மாத விலையில் கிராமாக வரவு வைக்கப்படுமா, கடைசி நாள் விலையிலா? சேதாரம் இல்லை என்பது எல்லா நகைக்குமா, சிலவற்றுக்கு மட்டுமா? பதினோரு மாதத்தில் முடிகிற சீட்டுதான் பெரும்பாலும் இருக்கும், அதற்குமேல் நீட்டுகிற சீட்டில் சேராதே. அது வங்கிப் பணம் போல் காப்பீடு உள்ளதும் அல்ல.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரை போதும், மிருதுவான பிரஷ்ஷால் தேய். கல் வைத்த நகையை ஊறவைக்காதே. மூடிய கூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் கெம்பும் வெள்ளைக்கல்லும் கறுத்துப்போகும். முத்தும் பவளமும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வீட்டில் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் முதலில் பாப்பாவை வேறு அறைக்குக் கொண்டுபோ, கை நகையைக் கழற்றிவிட்டுப் பிறகு சுத்தம் செய். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். நகையைத் தனித்தனியாக ரோஸ் பேப்பரில் சுற்றி வை, ஒன்றோடொன்று உரசவிடாதே.

லாக்கரில் வைப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள். தீப்பிடித்தோ, திருட்டாலோ, ஊழியர் மோசடியாலோ நஷ்டம் வந்தால் வங்கி தரவேண்டிய தொகை வருட வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். அதனால் ஒவ்வொரு நகையையும் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, எடை, கடை, தேதி, ஹெச்யூஐடி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை. யார் கொடுத்தது என்பதையும் எழுது. பாப்பா ஒருநாள் கேட்பாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நம் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் கறுத்துப்போன திருகு ஒன்று தனியாகக் கிடந்தது, தோடு இல்லை. முதலில் தூக்கிப் போடப் பார்த்தேன். பிறகு உன் காதுகுத்துப் படத்தைப் பார்த்தபோது தெரிந்தது, உன் முதல் தோட்டின் திருகு அது. பத்தரிடம் கொடுத்து மெருகு போட்டு வைத்திருக்கிறேன். அதே அளவில் பாப்பாவுக்குத் தோடு செய்ய அவருக்கு அது ஒன்றே போதுமாம்.